கொலையுண்ட பெயர் தெரியாதவர் யார் என்று தேடும்போது செய்யக்கூடாதவை

1957 பிப்ரவரியில் பிலடெல்பியாவின் ஃபாக்ஸ் சேஸ் பகுதியில், ஒரு அட்டைப்பெட்டிக்குள் சிறுவனின் உடல் கிடந்தது. அடித்துக் கொல்லப்பட்டிருந்தான். லட்சக்கணக்கில் துண்டறிக்கை அச்சடித்து, எரிவாயு பில்லோடு சேர்த்துக்கூட வீடுவீடாக அனுப்பிப் பார்த்தார்கள். யாரும் வந்து எங்கள் பிள்ளை என்று சொல்லவில்லை. அவன் பெயர் ஜோசப் அகஸ்டஸ் ஸரெல்லி, வயது 4 என்று போலீஸ் அறிவித்தது 2022 டிசம்பரில்தான். இந்த மாதிரி வழக்குகளில் உதவ நினைத்து இணையத்தில் தேட இறங்குகிறவர்கள், இந்த ஒரு வழக்கை ஒழுங்காகப் படித்தாலே பாதித் தவறுகளைத் தவிர்க்கலாம்.

காணாமல் போனவர்கள் பட்டியலில் பெயர் இருந்தே தீரும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. ஜோசப்பைக் காணோம் என்று யாரும் புகார் தரவில்லை. 1979இல் நியூயார்க் மாநிலத்தின் கலிடோனியாவில் சோளக்காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்த பெண் விஷயமும் அப்படித்தான். அவள் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த 16 வயது டாமி ஜோ அலெக்சாண்டர். அவளுக்கான புகாரே 2014இல்தான் பதிவானது, அடுத்த ஜனவரியில் பெயர் கிடைத்துவிட்டது. அதனால் உங்கள் குடும்பத்தில் எப்போதோ தொலைந்துபோன ஒருவர் இருந்தால், யாராவது அப்போதே புகார் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துச் சும்மா இருக்காதீர்கள், புகார் உண்மையிலேயே பதிவில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, போலீஸ் அறிக்கையில் இருக்கும் வயதையும் வரைந்த முகத்தையும் அப்படியே நம்பி ஆட்களைக் கழித்துவிடுவது. குழந்தை என்றால் பல்லை வைத்து வயதை ஓரளவு நெருக்கமாகச் சொல்லலாம். வளர்ந்தவர்களின் எலும்பை வைத்துச் சொல்லும் வயது பத்து, பதினைந்து வருஷம் அகலமாகவே இருக்கும். மண்டையோட்டிலிருந்து வரையும் முகத்தில் உதடு, காது, முடி எல்லாம் பெரும்பாலும் ஊகம். ஒரு படம் அச்சு அசலாக ஒத்துப்போகிறது என்பதற்காக ஆளை முடிவு செய்யக் கூடாது, ஒத்துப்போகவில்லை என்பதற்காக விட்டுவிடவும் கூடாது.

இதையெல்லாம்விட மோசமானது கதையைக் காதலிப்பது. ஜோசப் வழக்கில், சந்தேக மரணங்களை ஆராயும் மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்தைச் சேர்ந்த ரெமிங்டன் பிரிஸ்டோ, பக்கத்தில் இருந்த ஒரு வளர்ப்பு இல்லத்தின் மீதான சந்தேகத்தை 1993இல் இறக்கும்வரை விடவே இல்லை. 2002இல் ஒஹாயோவிலிருந்து ஒரு பெண், தன் தாய் அந்தப் பையனை விலைக்கு வாங்கியதாகச் சொன்னார். அக்கறையோடு பல வருஷம் தோண்டிய வேலைதான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு கதையும் அவன் பெயரைத் தரவில்லை. கொலையாளி யார் என்று முதலில் முடிவு செய்துகொண்டு அதற்குள் பிணத்தைப் பொருத்தினால் இப்படித்தான் ஆகும். பெயர் முதலில், மற்றது அப்புறம்.

சரி, டிஎன்ஏ இருக்கிறதே என்பீர்கள். எந்த டிஎன்ஏ என்று கேளுங்கள். 1998இல் ஜோசப்பின் பல்லிலிருந்து எடுத்தது தாய்வழி டிஎன்ஏ. யாராவது ஒருவரைக் காட்டி, இவர் தாய்வழி உறவாக இருக்க முடியுமா என்று ஒப்பிட அது போதும், முன்பின் தெரியாத குடும்பத்தைத் தேடிப்பிடிக்கப் போதாது. அதனால் 2019இல் உடலை மறுபடியும் தோண்டி எடுத்தார்கள். சிதைந்த மாதிரியிலிருந்து பயன்படும் அளவுக்குத் தகவல் எடுக்கவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. அதை வைத்துத் தூரத்து உறவுகளைப் பிடித்து, வம்சாவளி போட்டு, பிறப்புப் பதிவுகளைப் பார்த்துத்தான் பெயருக்கு வந்தார்கள். நீங்கள் ஏதாவது நிறுவனத்தில் டிஎன்ஏ பரிசோதனை செய்திருந்தாலும் பெரும்பாலும் அது மட்டும் போதாது. இந்தத் தேடலுக்கு அனுமதிக்கும் ஜெட்மேட்ச் (GEDmatch) போன்ற தளத்தில் அந்த முடிவை நீங்களேதான் ஏற்ற வேண்டும்.

ஒரு காரணத்துக்கும் குடும்பத்துக்கு நேரடியாகச் செய்தி அனுப்பாதீர்கள். காணாமல் போன மகளின் தாய்க்கு, முன்பின் தெரியாத ஒருவர் பிணத்தின் படத்தை அனுப்புவது எவ்வளவு பெரிய கொடுமை என்று யோசியுங்கள். அது தவறான ஆளாக இருந்தால்? பெயர் தெரிந்த பிறகும் இதே கட்டுப்பாடு வேண்டும். ஜோசப்பின் பெற்றோர் பெயரைப் போலீஸ் அன்று வெளியிடவில்லை, காரணம் உடன்பிறந்தவர்கள் உயிரோடு இருந்தார்கள்.

உங்களுக்கு ஒரு பொருத்தம் தோன்றினால், அமெரிக்க வழக்காக இருந்தால் முதலில், காணாமல் போனவர்களையும் அடையாளம் தெரியாத உடல்களையும் பதிவு செய்யும் நேமஸ் (NamUs) என்ற அரசுத் தளத்தில் அந்த வழக்கின் பக்கத்தைத் திறந்து, ஏற்கெனவே ஒப்பிட்டுக் கழித்துவிட்டவர்களின் பட்டியலைப் பாருங்கள். அதில் அந்தப் பெயர் இல்லையென்றால், வழக்கு எண், நீங்கள் நினைக்கும் ஆள், அடையாளம், கடைசியாகப் பார்த்த இடம், தேதி இவற்றை மட்டும் அரைப் பக்கத்தில் எழுதி அங்கே கொடுத்திருக்கும் அதிகாரிக்கு அனுப்புங்கள். பதில் வராமலும் போகலாம். அதற்காகப் பொதுவெளியில் பெயரைப் போடாதீர்கள்.