சூடானதும் கரகரத்த வால்வு ரேடியோ

காட்பாடியில் உறவினர் வீட்டுப் பரணிலிருந்து எனக்கு வந்த வால்வு (வெற்றிடக் குழாய்) ரேடியோ, போட்டவுடன் 720 கிலோஹெர்ட்சில் சென்னை வானொலியைத் தெளிவாகப் பாடும். பத்து நிமிடத்தில் குரல் உடைந்து கரகரக்கும். கூடவே, ஸ்பீக்கரை இயக்கும் இ.எல். 84 வால்வில் எலக்ட்ரான்களை வெளியிடும் முனையான கேத்தோடின் மின்னழுத்தமும் ஏறிக்கொண்டே போகும். வால்வை மாற்றினேன், மின்வழங்கியின் வடிகட்டி மின்தேக்கிகளை மாற்றினேன், ஸ்பீக்கரையும் சோதித்தேன். பலனில்லை.

கடைசியில் அந்த வால்வின் 2ஆம் காலான, ஒலி உள்ளே நுழையும் கிரிட்டில் டி.சி. மின்னழுத்தத்தை அளந்தேன். ஏறத்தாழச் சுழியாக இருக்க வேண்டிய அளவு, செட் சூடாகச் சூடாக நேர்ப்பக்கம் உயர்ந்தது. அதனால்தான் வால்வில் மின்னோட்டம் அளவுக்கு மீறி, கேத்தோடு மின்னழுத்தம் ஏறிக் குரலும் உடைந்தது. முந்தைய வால்வின் வெளியீட்டு முனையான ஆனோடிலிருந்து ஒலியை மட்டும் கடத்தி, உயர் மின்னழுத்தத்தைத் தடுக்க வேண்டிய காகித மின்தேக்கியின் ஒரு முனையைக் கழற்றியதும் அந்த உயர்வு மறைந்துவிட்டதால், கசிவு அங்கேதான் என்பது உறுதியாயிற்று.

பலர் கவனிக்கத் தவறும் இடம் இதுவே: மல்டிமீட்டர் ஓரிரு வோல்ட்டில் சோதிப்பதால், அதே மின்தேக்கியை நல்லது என்றே காட்டியது, நூறு வோல்ட்டுக்கு மேல், அதுவும் சூட்டில்தான் கசிவு வெளிப்படும். வேலூரின் மே மாத வெயிலில் அது இன்னும் சீக்கிரம் தெரிந்தது. செட்டை அணைத்து, வடிகட்டி மின்தேக்கிகளில் தேங்கிய மின்சாரம் இறங்கியதை அளந்து பார்த்த பிறகே, அதன் இடத்தில் 0.01 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பிலிம் (பிளாஸ்டிக் படல) மின்தேக்கியைப் பற்றவைத்தேன். இப்போது மணிக்கணக்கில் ஓடினாலும் குரல் உடைவதில்லை, பெரிய நிம்மதி.