பஞ்ச் நீடில்: லூப் உருவிக்கிட்டு வராம இருக்கணும்னா

பஞ்ச் நீடில்னா, நூல் கோத்த, கைப்பிடி வெச்ச ஊசியால துணிய குத்திக் குத்தி, அந்தப் பக்கம் நூல் லூப் லூப்பா நிக்கற மாதிரி படம் போடற கைவேலை. இதுக்கு முதல்ல துணிய சரியா வாங்குங்க, மத்ததெல்லாம் அப்புறம். நான் வீட்ல கிடந்த பழைய பெட்ஷீட்ல ஆரம்பிச்சேன், குத்தின ஓட்டை அப்படியே நின்னுடுச்சு, லூப் ஒண்ணு கூட தங்கல. மாங்க்ஸ் க்ளாத்னு கேளுங்க, இஞ்சுக்கு 12-லேர்ந்து 14 கண்ணு இருக்கும், நெசவு தளர்வா இருக்கறதால ஊசி இழைய விலக்கிட்டு போகும், வெளிய வந்ததும் இழை திரும்ப சேர்ந்து நூல புடிச்சுக்கும். எம்பிராய்டரி வளையத்துல மத்தளம் மாதிரி இறுக்கி மாட்டுங்க.

ஊசியோட திறந்த பக்கம், அதாவது நூல் போற பிளவு இருக்கற பக்கம், நீங்க குத்திக்கிட்டு போற திசைய பாத்து இருக்கணும், கைப்பிடி துணியில முட்டுற வரைக்கும் குத்திட்டு, எடுக்கறப்ப துணிய உரசிக்கிட்டே அடுத்த இடத்துக்கு நகத்துங்க, தூக்குனீங்கன்னா முந்தின லூப்பும் கூடவே வந்துடும். நூல் லூஸா ஓடணும், எங்க வீட்டுப் பூனை உல்லன் உருண்டை மேல படுத்ததுல ஒரு வரிசையே போச்சு. எழுத்துன்னா இடவலமா திருப்பி வரைங்க, லூப் வர்றது அந்தப் பக்கம்ல.

முடிச்சதை சுவர்ல மாட்டறதுக்கு, சுத்தி 2 இஞ்ச் துணி விட்டு வெட்டி, மரச் சட்டத்துக்குப் பின்னாடி மடிச்சு ஸ்டேப்ளர் கன்னால அடிங்க, முதல்ல நாலு பக்கமும் நடுவுல, மூலை கடைசில. கண்ணாடி போடாதீங்க, லூப் நசுங்கிடும். வெயில் படற சுவரும் வேணாம், சாயம் வெளுத்துடும்.