லேப்டாப்பில் இரண்டு மானிட்டர்: டாக் வாங்கும் முன் போர்ட்டைப் பாருங்கள்

கூடுதல் மானிட்டர் மாட்டப் போய்ப் பணம் வீணாவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். போர்ட்டைப் பார்க்காமலேயே டாக்கையோ (ஒரே போர்ட்டில் மாட்டிப் பல இணைப்புகள் தரும் பெட்டி) அடாப்டரையோ வாங்கிவிடுகிறோம். யூஎஸ்பி-சி போர்ட் இருப்பதாலேயே படம் வந்துவிடாது. பல லேப்டாப்களில் அது சார்ஜ் ஏற்றவும் ஃபைல் மாற்றவும் மட்டும்தான். போர்ட் பக்கத்தில் டிஸ்பிளேபோர்ட் (திரைக்குப் படம் அனுப்பும் இணைப்பு) குறியோ, தண்டர்போல்ட் என்ற வேகமான இணைப்பின் மின்னல் அம்போ இருந்தால் நல்லது. எந்தக் குறியும் இல்லையென்றால் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் 'டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோடு', அதாவது யூஎஸ்பி-சி வழியாகப் படம் அனுப்பும் வசதி, என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

அடுத்து, கிராபிக்ஸ் சிப் எத்தனை திரையைத் தாங்கும்? 11-ஆம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சிப்களில் பொதுவாக, லேப்டாப் திரையையும் சேர்த்து மூன்று. மேக்புக் ஏரில் எம்1, எம்2 சிப் என்றால் வெளியே ஒன்றுதான். எம்3-இல் மூடியை மூடினால் இரண்டு. எம்4-இல் மூடி திறந்திருந்தாலும் இரண்டு. எந்த டாக்கும் இந்த வரம்பை நேரடியாகக் கூட்டித் தராது.

லேப்டாப்பில் எச்டிஎம்ஐயும் படம் தரும் யூஎஸ்பி-சியும் இருந்தால் டாக்கே தேவையில்லை. ஒரு மானிட்டருக்கு எச்டிஎம்ஐ கேபிள், இன்னொன்றுக்கு யூஎஸ்பி-சியிலிருந்து டிஸ்பிளேபோர்ட்டுக்குப் போகும் கேபிள், அவ்வளவுதான். இரண்டில் ஒன்று 4கே என்றால் அதை யூஎஸ்பி-சியில் மாட்டுங்கள். எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் 4கே 30 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 30 படம்) மேல் போகாது, மவுஸ் இழுத்துக்கொண்டு நகர்வது கண்ணுக்கே தெரியும். எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் வேண்டவே வேண்டாம். அது இரண்டு திரையிலும் ஒரே படத்தைத்தான் காட்டும்.

ஒரே யூஎஸ்பி-சி போர்ட்டிலிருந்து இரண்டு மானிட்டர் ஓட்ட எம்எஸ்டி (ஒரே இணைப்பில் பல திரைக்குத் தனித்தனிப் படம் அனுப்பும் முறை) டாக் வேண்டும். டிஸ்பிளேபோர்ட் அவுட் உள்ள மானிட்டர் என்றால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சங்கிலியாகவும் கோக்கலாம். அப்போது முதல் மானிட்டரின் மெனுவில் எம்எஸ்டியை ஆன் செய்து, கடைசி மானிட்டரில் ஆஃப் செய்துவிட வேண்டும். மேக்கில் எம்எஸ்டி வழியாக இரண்டு திரையிலும் ஒரே படம்தான் வரும். இரண்டிலும் வேறு வேறு படம் வேண்டுமானால் தண்டர்போல்ட் டாக் வாங்குவதே சரி.

டாக்கில் கோளாறு வருவது பெரும்பாலும் பேண்ட்விட்த், அதாவது நொடிக்கு அனுப்பக்கூடிய தரவின் அளவு, பற்றாமல். டிஸ்பிளேபோர்ட் 1.2-இல் தரவு போகும் நான்கு பாதைகளிலும் சேர்த்து நொடிக்கு 17.28 ஜிகாபிட் படத்துக்குக் கிடைக்கும். டாக்கில் வேகமான யூஎஸ்பி 3-உம் ஓடினால் அதற்கு இரண்டு பாதை போய், படத்துக்கு மிஞ்சுவது 8.64. 60 ஹெர்ட்ஸில் 1080பி திரை ஒன்று சுமார் 3.5 ஜிகாபிட் கேட்கும், 1440பி சுமார் 5.8, 4கே 12-க்கு மேல். ஆக 1080பி இரண்டு தாராளமாக ஓடும். அதே டாக்கில் 1080பியோடு 1440பியைச் சேர்த்தால் இடம் போதாமல் ஒன்று அணையும், அல்லது தெளிவு குறையும். டிஸ்பிளேபோர்ட் 1.4 என்றால் அந்த இரண்டு பாதையிலேயே 12.96 கிடைப்பதால் 1440பி இரண்டு அடங்கும். லேப்டாப்பும் டாக்கும் இரண்டுமே 1.4 ஆக இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

சிப்பின் வரம்பைத் தாண்டியே ஆக வேண்டுமென்றால், படத்தை மென்பொருள் வழியாக யூஎஸ்பியில் அனுப்பும் டிஸ்பிளேலிங்க் டாக் உண்டு. டிரைவர் நிறுவ வேண்டும், ப்ராசஸருக்கும் கொஞ்சம் சுமை. மேக்கில் திரைப்பதிவு அனுமதியும் கேட்கும். காப்புரிமைப் பாதுகாப்புள்ள படங்கள் அதில் கறுப்பாகத் தெரியலாம். எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் நன்றாகவே போதும், விளையாட்டுக்கு உதவாது.

டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் சாதாரண கேபிளைத் திருப்பி மாட்டினால் படம் வராது. அந்தத் திசைக்குத் தனிக் கன்வெர்ட்டர் இருக்கிறது, பெரும்பாலும் யூஎஸ்பி வழியாக மின்சாரமும் கொடுக்க வேண்டும்.

எல்லாம் மாட்டியபின் விண்டோஸ் விசையோடு P-யை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே போய் 'ஐடென்டிஃபை' அழுத்தினால் ஒவ்வொரு திரையிலும் எண் தெரியும். மேஜையில் இருக்கிற வரிசைப்படியே படங்களை இழுத்து, மேல் விளிம்புகளின் உயரத்தையும் பொருத்துங்கள். இல்லையென்றால் மவுஸ் ஓரத்தில் முட்டி நிற்கும். ரெஃப்ரெஷ் ரேட்டை 'அட்வான்ஸ்டு டிஸ்பிளே'யில் ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

'நோ சிக்னல்' வந்தால் முதலில் மானிட்டர் மெனுவில் இன்புட்டைச் சரிபாருங்கள். பிறகு விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், B நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். படம் விட்டுவிட்டு வந்தால் 60-ஐ 30 ஹெர்ட்ஸாகக் குறைத்துப் பாருங்கள். அந்தத் தடங்கல் உடனே நின்றுவிட்டால் கேபிள்மேல்தான் முதல் சந்தேகம், குட்டையான நல்ல கேபிளாக மாற்றுங்கள். மூடியை மூடியதும் எல்லாத் திரையும் அணைந்தால் பவர் ஆப்ஷன்ஸில் மூடிக்கான செயலை 'டூ நத்திங்' என்று மாற்ற வேண்டும்.