சிவனொளிபாத மலைக்கு வெளிக்கிடும் வன்னிச் சனம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலபோக வெட்டு முடிந்த கையோடு கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கங்களில் இருந்து சிவனொளிபாத மலைக்கு வான்கள் வெளிக்கிடத் தொடங்கிவிடும். மார்கழிப் பௌர்ணமி தொடக்கம் வைகாசிப் பௌர்ணமி வரைதான் யாத்திரைக் காலம். அதற்கு வெளியே குடும்பத்தோடு போகவே வேண்டாம். படிகளில் வெளிச்சம் இராது, தேத்தண்ணிக் கடைகள் பூட்டிக் கிடக்கும், தென்மேற்குப் பருவக்காற்றும் மழையும் நேரே முகத்தில் அடிக்கும்.

எங்கள் ஆட்கள் அதிகம் பிழைவிடுவது நேரத்தில். இரவு பத்து மணிக்கு மலையடிவாரமான நல்லதண்ணியில் இறங்கியதும், "இப்பவே ஏறினால் மேலே நல்ல இடம் பிடிக்கலாம்" என்று தொடங்கிவிடுவார்கள். வயலில் வேலை செய்த உடம்பு, மூன்று நாலு மணித்தியாலத்தில் உச்சிக்குப் போய்விடும். ஆனால் சூரியன் எழும்ப ஆறு மணி தாண்டுமே! இடையில் காத்திருக்கும் அந்த நேரம்தான் ஆளை விழுத்துவது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஏறிய வியர்வையில் சேட்டு முதுகோடு ஒட்டியிருக்கும். 1000 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 6 பாகை செல்சியஸ் குறையும். மலையின் உயரமோ 2243 மீற்றர். கிளிநொச்சியில் இரவு 23 பாகை என்றால், அங்கே 10 பாகைக்குக் கிட்ட வந்துவிடும். ஈர உடுப்பில் காற்றும் பட்டால் குளிர் எலும்பு வரை இறங்கும்.

சாதாரண நாளில் இரண்டு மணியளவில் ஏறத் தொடங்கினால் காணும். போயா, சனி, ஞாயிறு என்றால் படியில் சனம் நெரியும், கொஞ்சம் முந்துங்கள். சுவெற்றரைப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். அதையும் காய்ந்த பெனியன் ஒன்றையும் பையில் கட்டி வைத்து, உச்சிக்குச் சற்றுக் கீழே மாற்றுங்கள். மேலே பாதணியைக் கழற்ற வேண்டும். கல் ஐஸ் மாதிரி இருக்கும், காய்ந்த காலுறை ஒரு சோடி கட்டாயம். யாராவது நடுக்கம் நிற்காமல், கதை குழறத் தொடங்கினால் அதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். ஈர உடுப்பை மாற்றி, போர்த்தி, விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் சீனி போட்ட சுடு தேத்தண்ணி கொடுத்து, கைத்தாங்கலாகக் கீழே இறக்குங்கள். அம்புலன்ஸ் இலக்கம் 1990.

பனிமழை பார்க்கலாம் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்ட வேண்டாம். இலங்கையில் அது கிடையாது. நுவரெலியாவில் தை, மாசி விடியலில் புல்லின்மேல் வெள்ளையாகப் படிவது உறைபனி.

இறக்கத்தில்தான் முழங்கால் போகும். பாட்டாவோடு இறங்கினால் சறுக்கும். பிடியுள்ள சப்பாத்துப் போட்டு, வயதான அம்மா அப்பாவுக்கு ஒரு தடியும் கொடுங்கள்.

அடுத்த பிழை ஆற்றில் விடுவது. களனி கங்கையும் களு கங்கையும் இந்த மலைப்பக்கம்தான் பிறக்கின்றன. வழியில் சீத கங்குல என்ற ஓடையில் யாத்திரிகர்கள் முழுகுவது வழக்கம். மற்ற அருவிகளிலும் ஓயாக்களிலும் எங்கள் பெடியள் கண்டபடி இறங்குவதுதான் பயம். இரணைமடுக் குளத்தில் நீந்தின துணிச்சல் இங்கே உதவாது. குளத்தில் தண்ணி கண்முன்னே மெல்ல ஏறும். மலையாற்றில், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் எறிக்கும்போதே மேலே பெய்த மழை வந்து இறங்கிவிடும். தெளிந்த தண்ணி திடீரென்று கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், சவர்க்காரத்தைக்கூட எடுக்க நிற்காமல் கரையேறுங்கள். மழை நாளென்றால் மண்சரிவு எச்சரிக்கையையும் பார்த்துவிட்டே வெளிக்கிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

வான் ஓட்டுபவரை மலை ஏற்றாதீர்கள். இரவிரவாக ஓட்டி வந்தவர், நீங்கள் ஏறி இறங்கும் வரை நித்திரை கொள்ளட்டும். ஏ9 சமதரையில் ஓடிப் பழகியவர் ஹற்றன் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடாகிப் பிடிக்காமல் போகும். கியரைக் குறைத்து மெல்ல இறக்கச் சொல்லுங்கள். கருகிய மணம் வந்தால், எந்த அவசரம் என்றாலும் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள்.