தொடக்கநிலை ஆர்சி பக்கி: டிஃப் பல் உடையாமல் இருக்க ஷிம் போடும் முறை

ஆர்சி பக்கி (ரிமோட்டில் ஓடும் சின்ன மண்தரைக் கார்) வாங்கிய புதிதில் முதலில் உடைவது பெரும்பாலும் சஸ்பென்ஷன் ஆர்ம். அதை மாற்றுவது சின்ன வேலை. அடுத்து வருவதுதான் பெரிய தலைவலி. த்ராட்டில் கொடுத்தால் ‘டர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வரும், வண்டி தயங்கித் தயங்கி நகரும். டிஃபரன்ஷியலில் (சுருக்கமாக டிஃப்; இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் கூட்டு) பல் போக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

உடனே கிடைக்கும் யோசனை “மெட்டல் கியர் வாங்கிப் போடு” என்பதுதான். நான் அதை முதலில் செய்யச் சொல்லமாட்டேன். விலை குறைந்த பக்கிகளில் பல் உடைவதற்குப் பெரும்பாலும் காரணம், டிஃபின் பெரிய கிரவுன் கியரும் அதைச் சுற்றும் சின்னப் பினியன் கியரும் சேரும் இடத்தில் உள்ள ஆட்டம். அந்த ஆட்டத்தை எடுக்காமல் மெட்டல் கியர் போட்டால், அதன் பல்லும் சீக்கிரமே தேய்ந்துவிடும். ஆட்டத்தை எடுப்பதற்குத் தேவை மெல்லிய வளையங்கள் சில. அவற்றைத்தான் ஷிம் என்கிறோம்.

இந்தப் பதிவு 1/10 அளவில், ஷாஃப்ட் வழியாக நான்கு சக்கரங்களும் ஓடும் வண்டிகளுக்கானது. டாமியா டிடி-02பி, எச்எஸ்பி 94107 போன்றவை இந்த வகை.

படி 1: எது போயிருக்கிறது என்று பாருங்கள்

கழற்றுவதற்கு முன்பே இதைக் கண்டுபிடித்துவிடலாம். வண்டியைத் தூக்கி, நடுவில் இருக்கும் ஸ்பர் கியரை (மோட்டார் சுற்றும் பெரிய கியர்) விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். முன்சக்கரம் ஒன்றைச் சுற்றினால் எதிர்ப்பக்கச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். அது சும்மா நின்றால், ஒன்று டிஃபுக்குள் இருக்கும் சின்ன பெவல் கியர்கள் (சரிவான பல் உள்ளவை) போயிருக்கும், அல்லது அந்தப் பக்க ஷாஃப்டோ பின்னோ கழன்றிருக்கும்.

அடுத்து, இரண்டு சக்கரங்களையும் ஒரே திசையில் சேர்த்துத் திருப்பிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டத்துக்குப் பிறகு உறுதியாக நின்றுவிட வேண்டும். ‘டக் டக்’ என்று தாண்டித் தாண்டிச் சுற்றினால் கிரவுன் கியரும் பினியனும் வழுக்குகின்றன. பின்பக்கத்துக்கும் இதே சோதனைதான்.

படி 2: கழற்றுதல்

நல்ல டிரைவருக்குச் செலவு செய்யுங்கள். பெட்டியோடு வரும் எல் வடிவ கீ, ஹெக்ஸ் தலையைச் சீக்கிரம் உருட்டிவிடும். முனை கெட்டியான 2 மி.மீ., 2.5 மி.மீ. ஹெக்ஸ் டிரைவர்கள் இருந்தால் எச்எஸ்பி வகை வண்டிகளில் பாதி வேலை முடிந்தது. டாமியா வண்டிகளில் இருப்பது ஜேஐஎஸ் எனப்படும் ஜப்பானிய வகை பிளஸ் ஸ்க்ரூ. சாதாரண பிளஸ் டிரைவர் அதில் முழுவதும் உட்காராது, வழுக்கித் தலையைத் தின்னும். ஜேஐஎஸ் டிரைவர் ஒன்று வாங்கிவிடுங்கள். பேட்டரி ஸ்க்ரூ டிரைவரை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

கியர்பாக்ஸைத் திறந்ததும் டிஃபைத் தூக்குவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிரவுன் கியர் இடப்பக்கம் இருந்ததா, வலப்பக்கம் இருந்ததா என்பது திரும்பப் பூட்டும்போது தேவைப்படும்.

படி 3: டிஃபுக்குள்

டிஃப் கூட்டைப் பிரித்து, எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, பெவல் கியர்களின் பல் நுனிகளைப் பாருங்கள். உருண்டு போயிருந்தால் செட்டாக மாற்றுங்கள். தேய்ந்த பல்லோடு சேரும் புதுப்பல்லும் சீக்கிரம் தேயும்.

கூட்டில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் ஓ-ரிங்கும் இருந்தால் சிலிகோன் ஆயில் ஊற்றலாம். இல்லையென்றால் ஆயில் கசிந்துவிடும், கெட்டியான கிரீஸ்தான் வழி. டாமியாவின் ஆன்டி-வேர் கிரீஸ் இதற்கு நன்றாக இருக்கிறது. ஆயில் என்றால் முன்பக்கம் 10,000 சிஎஸ்டி (ஆயில் எவ்வளவு கெட்டி என்பதன் அளவு), பின்பக்கம் 5,000 சிஎஸ்டி என்பது என் தேர்வு. விளிம்பு வரை ஊற்றக் கூடாது. நடுவில் இருக்கும் குறுக்குப் பின் மூழ்கும் அளவு போதும். சூட்டில் ஆயில் விரியும், இடம் இல்லாவிட்டால் ஓ-ரிங் வழியாக வெளியே வந்துவிடும்.

ஆயில் கெட்டியாக இருப்பது உடையாமல் இருக்கவும் உதவும். ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பினால் சக்தி அந்தப் பக்கமே போகும். எதிர்ச் சக்கரம் நின்றுவிட்டால் எழும்பிய சக்கரம் கிரவுன் கியரைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். அது தரையைத் தொட்டு ஒரே கணத்தில் அடங்கும்போது அந்த அடி முழுவதும் சின்ன பெவல் கியர்களில்தான் விழுகிறது. ஆயில் கெட்டியாக இருந்தால் அந்த வேகம் குறையும்.

படி 4: பேரிங்

டாமியாவின் தொடக்கநிலை கிட்களில் பல இடங்களில் பால் பேரிங்குக்குப் பதில், குண்டுகள் இல்லாத வெறும் வளையமான புஷ்தான் வரும். மண்ணில் ஓட்டினால் புஷ் தேயும், டிஃப் இடம் மாறும், பல் சரியாகச் சேராது. டிஃபுக்கு வேண்டியது 10×15×4 மி.மீ. பேரிங். பேரிங் கடையில் 6700 இசட்இசட் என்று கேளுங்கள். பேரிங்கில் ஆட்டம் இருக்கும்போது ஷிம் போட்டுப் பயனில்லை என்பதால் இதை முதலில் முடித்துவிடுங்கள்.

படி 5: ஷிம்

எனக்குப் பிடிபட அதிக நேரம் எடுத்த படி இதுதான். பொறுமையாகப் படியுங்கள்.

பினியன் கிரவுன் கியரைச் சுற்றும்போது பல்லின் சரிவு இரண்டையும் ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தள்ளும். சுமை கூடக் கூடத் தள்ளுவதும் கூடும். கியர்பாக்ஸ் பிளாஸ்டிக் என்பதால் அதுவும் கொஞ்சம் வளையும். ஏற்கெனவே ஆட்டம் இருந்தால் பல் முழு ஆழத்துக்குச் சேராது, நுனியோடு நுனிதான் உரசும். சைக்கிள் செயின் தொய்ந்தால் பல்லின் மேல் ஏறித் தாண்டுமே, அதேதான்.

ஷிம் எங்கே போட வேண்டும்? கிரவுன் கியரில் பல் இருக்கும் பக்கம் முகம், பல் இல்லாத பக்கம் முதுகு. முதுகுப் பக்கம் டிஃப் கூட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் ஷிம் போட்டால், கிரவுன் கியர் பினியனை நோக்கி நகரும். முகப்பக்கம் போட்டால் விலகிப் போகும். 10 மி.மீ. உள்விட்டமுள்ள ஷிம் வேண்டும். டாமியா விற்கும் செட்டில் 0.1, 0.2, 0.3 மி.மீ. மூன்றும் இருக்கும், அது ஒன்றே போதும். வெளிவிட்டம் பேரிங்கின் உள்வளையத்தோடு நிற்க வேண்டும். வெளிவளையத்தையும் தொட்டால் சுழற்சி இறுகும்.

முதலில் கிரீஸ் எதுவும் இல்லாமல் பினியனையும் டிஃபையும் பெட்டியில் வைத்து, மூடி, ஸ்க்ரூவை முழுதாக முடுக்கிப் பாருங்கள். மூடியை விரலால் அழுத்திப் பிடித்துச் சோதித்தால் கணக்குத் தப்பும், முடுக்கிய பிறகு நிலை மாறும். டிஃபைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் முதுகுப் பக்கம் 0.2 போடுங்கள். மறுபடி மூடி, பினியன் ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும், முன்னும் பின்னும் அசைத்தால் மிகச் சிறிய இடைவெளி மட்டும் தெரிய வேண்டும். இறுக்கமாக இருந்தால் 0.1-க்கு இறங்குங்கள். பல் சரியாகச் சேர்ந்தும் பக்கவாட்டு ஆட்டம் மிச்சமிருந்தால், அந்த மிச்சத்தை முகப்பக்கம் ஷிம் போட்டு நிரப்புங்கள்.

ஒரு சுற்று சுற்றிப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். விலை குறைந்த கிரவுன் கியர் சுழலும்போது லேசாகக் கோணும். ஓரிடத்தில் லூஸாகவும் இன்னோரிடத்தில் இறுக்கமாகவும் இருக்கும். இருப்பதிலேயே இறுக்கமான இடம் தடையில்லாமல் சுற்றும்படி வையுங்கள். எச்எஸ்பி வகையில் பினியனுக்கு 13 பல், கிரவுனுக்கு 38 பல். இரண்டுக்கும் பொது வகுத்தி இல்லாததால், பினியன் 38 சுற்று சுற்றினால்தான் எல்லாப் பல்லும் எல்லாப் பல்லையும் ஒரு முறை சந்திக்கும். அத்தனை சுற்றும் சுற்றிப் பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் கிரவுன் பற்களில் மார்க்கர் பூசிச் சுற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். பல்லின் நடுப்பகுதியில் மை அழிந்திருந்தால் சரி. நுனியில் மட்டும் அழிந்திருந்தால் இன்னும் உள்ளே தள்ள வேண்டும்.

படி 6: மூடுதல்

உலோகப் பல்லுக்கு மாலி (மாலிப்டினம்) கிரீஸ், பிளாஸ்டிக் பல்லுக்குச் செராமிக் கிரீஸ். மெல்லிய பூச்சு போதும். உலோகத்துக்குள் போகும் ஸ்க்ரூவுக்கு மட்டும் நீல நிற த்ரெட்லாக் (ஸ்க்ரூ தானாகக் கழலாமல் பிடிக்கும் பசை). பிளாஸ்டிக்குக்குள் போவதற்கு வேண்டாம், சில பிளாஸ்டிக்குகளை அது வெடிக்க வைக்கும். பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூவை முதலில் பின்பக்கமாகத் திருப்புங்கள். ‘டிக்’ என்று பழைய மரையில் விழும். அப்புறம் முடுக்கினால் புது மரை வெட்டாமல் போகும். முதல் பேட்டரியைப் பாதி த்ராட்டிலில் ஓட்டிப் புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழக விடுங்கள்.

ஓட்டும் முறையும் இதில் அடக்கம். மேட்டிலிருந்து குதித்து இறங்கும்போது த்ராட்டிலை விடுங்கள். டிடி-02பி-யில் ஸ்லிப்பர் கிளட்ச் (அடி விழும்போது வழுக்கிக் கொடுக்கும் பாகம்) இல்லை, சக்கரத்தில் விழும் அடி நேராக டிஃபுக்கு வரும். 2 செல் லிப்போ பேட்டரிக்குப் பதில் 3 செல் போட ஆசை வரும். வேகம் ஒன்றரை மடங்கானால் மோதும் ஆற்றல் 2.25 மடங்கு. தொடக்கநிலைக் கியர்பாக்ஸுக்கு அது அதிகம். 1984-இல் வந்த டாமியா கிராஸ்ஹாப்பரின் கியர்பாக்ஸ் பல வருடம் தாங்கியதற்கு அதன் சின்ன 380 மோட்டாரும் ஒரு காரணம்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துச் செய்த சிலருக்கு வந்த சிக்கல்: டிஃபை மாட்டிய பிறகு மோட்டார் உறுமுகிறது, வண்டி நகரவில்லை, ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) சூடாகிறது. டிஃபை இடம் வலம் மாற்றி வைத்துவிட்டால் இப்படி ஆகும். முன்சக்கரங்கள் ஒரு பக்கமும் பின்சக்கரங்கள் எதிர்ப்பக்கமும் இழுக்கும். உடனே நிறுத்துங்கள். வண்டியைத் தூக்கி முன்சக்கர ஜோடியைக் கையால் சுற்றினால் பின்சக்கர ஜோடி எதிர்த்திசையில் சுற்றும், அதிலேயே தெரிந்துவிடும். பெட்டியைத் திறந்து டிஃபைத் திருப்பி வைத்தால் சரியாகும். ஆனால் ஷிம்களும் அதனோடு சேர்ந்து திரும்பியிருக்கின்றனவா, முதுகுப் பக்கத்து ஷிம் இன்னும் முதுகுப் பக்கமே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.