சுகர் ‘பார்டர்ல’ இருக்கா? மலைக்காரர்கள் டீயிலிருந்து தொடங்குங்கள்

எனக்கு எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.1 வந்தபோது, “பார்டர்லதான் இருக்கு, பயப்படாதீங்க” என்றார்கள். பயம் வேண்டாம், சரி. ஆனால் சும்மா இருக்கிற கட்டமும் இல்லை அது. கோத்தகிரிக் குளிரில் வாழ்ந்துகொண்டே நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ரிப்போர்ட்டைப் பாருங்கள். வெறும் வயிற்றில் சுகர் 100 முதல் 125, அல்லது எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 என்றால் நீரிழிவுக்கு முந்தைய நிலை. 126, 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்தப் பதிவை மூடிவிட்டு டாக்டரைப் பாருங்கள். ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி தப்பாகக் காட்டலாம். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது டீ. நம் ஊரில் சோற்றைவிட இதுதான் பெரிய விஷயம் என்பேன். குளிருக்கு ஒரு நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன். பத்து ஸ்பூன் என்றால் 40 கிராமுக்கு மேல் சர்க்கரை. கூடவே இரண்டு வர்க்கி. அதுவோ மைதாவும் கொழுப்பும். ஒரேயடியாக நிறுத்தினால் நாலாம் நாள் பழையபடி ஆகிவிடும். வாரத்துக்கு அரை ஸ்பூன் குறையுங்கள், ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். கடையில் “சக்கரை இல்லாம போடுங்கண்ணா” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மலைத்தேன், நாட்டுச்சர்க்கரை என்று மாற்றிக்கொள்வதால் பலன் இல்லை. அவையும் சுகரை ஏற்றும்.

தட்டில் பாதி பீன்ஸ், முட்டைக்கோஸ், கீரை. கால்வாசி அவரைக்கொட்டை, பருப்பு, முட்டை அல்லது மீன். மிச்சக் கால்வாசிதான் சோறு. ஊட்டி உருளைக்கிழங்கு எவ்வளவு ருசியானாலும் காய்க் கணக்கில் வராது, அது சோற்றுக் கணக்கு. சாமையும் ராகியும் நல்லவைதான், ஆனால் அளவு அவற்றுக்கும் உண்டு. காயை முதலில் சாப்பிட்டுச் சோற்றைக் கடைசியில் தொட்டால் சுகர் மெதுவாக ஏறும்.

சாப்பிட்டதும் 10 முதல் 15 நிமிடம் நடங்கள். வேலை செய்யும் கால் தசை, இன்சுலினுக்குக் காத்திராமல் ரத்தத்துச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடமாவது வேண்டும். நமக்கு வாசலிலேயே ஏற்றம் இருக்கிறதே! ஏறும்போது நெஞ்சு அடைத்தால் மட்டும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். இருட்டினால் காட்டெருமை, கரடி பயம் உண்டு. அதனால் ஏழு மணிக்குள் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே நடப்பேன், நாற்காலியில் 20 தடவை உட்கார்ந்து எழுவேன்.

எடை கூடுதலாக இருந்தால் 7 சதவீதம் குறைத்தாலே நல்ல மாற்றம் தெரியும். 70 கிலோ இருப்பவருக்கு ஐந்து கிலோ.

இதெல்லாம் பலிக்குமா? சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கம்போல இருந்தவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்று ஆண்டுகளில் நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39 சதவீதம்தான். எல்லோரும் தப்பவில்லை, உண்மை. அதனால்தான் மூன்று மாதம் கழித்து அதே லேபில் மறுபடி பார்க்க வேண்டும். எனக்கு இப்போது 5.8. இன்னும் இயல்பான அளவுக்குள் வரவில்லை. அடுத்த டெஸ்ட் ஐப்பசியில்.