சிஸ்லியைப் பார்க்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

19ஆம் நூற்றாண்டு பிரான்சில், கணத்துக்குக் கணம் மாறும் ஒளியைப் பிடிக்க முயன்றவர்கள் இம்ப்ரஷனிச ஓவியர்கள். அவர்களின் பெயர்களைச் சொல்லச் சொன்னால் மோனே, ரெனுவார், டெகா, பிஸாரோ என்று வரும். ஆல்ஃபிரட் சிஸ்லியின் பெயர் கடைசியில் வரும், பல நேரம் வரவே வராது. ரெனுவார் மனிதர்களை வரைந்தார், டெகா நடன அரங்குக்குப் போனார், மோனேவும் எத்தனையோ மாதிரி வரைந்து பார்த்தார். வாழ்நாள் முழுக்கக் கிட்டத்தட்ட நிலக்காட்சியை மட்டுமே பிடித்துக்கொண்டு நின்றவர் சிஸ்லி. எனக்கு மிகவும் பிடித்த ஓவியர் அவர். அவரிடம் புதிதாக வருகிறவர்கள் ஒரே சில இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அந்த இடங்களைக் காட்டவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னத் தவறு. பெயரைப் பார்த்து அவரை இங்கிலாந்து ஓவியர் என்று எழுதிவிடுவார்கள். பெற்றோர் ஆங்கிலேயர்கள்தான், குடியுரிமையும் சாகும்வரை பிரிட்டிஷ்தான். ஆனால் பிறந்தது 1839இல் பாரிஸில். 18 வயதில் வணிகம் கற்றுக்கொள்ள லண்டனுக்கு அனுப்பினார்கள். ஆங்கில நிலக்காட்சி ஓவியர்களான டர்னர், கான்ஸ்டபிள் இருவரின் படங்களை அங்கேதான் பார்த்தார். நாலு வருடத்தில் பாரிஸ் திரும்பிவிட்டார். அப்புறம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் போய்வந்ததெல்லாம் குறுகிய பயணங்கள். கடைசிக் காலத்தில் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார், அது கைகூடவில்லை. அவர் வரைந்த மண் பாரிஸைச் சுற்றியுள்ள சேன் ஆற்றங்கரையும், பின்னாளில் லுவாங் ஆற்றங்கரையும்தான்.

இன்னொரு தவறு, அவர் வாழ்க்கையைத் தொடக்கம் முதல் முடிவுவரை வறுமைக் கதையாகச் சொல்வது. முப்பது வயதுவரை அவருக்குப் பணக்கவலை கிடையாது. அப்பா பட்டு வணிகர், மகன் ஓவியம் கற்கப் பணம் கொடுத்தார். 1862இல் கிளேர் என்ற ஆசிரியரின் பட்டறையில் சேர்ந்து, மோனே, ரெனுவார், பசீல் மூவரையும் நண்பர்களாகப் பெற்றார். 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் மூண்ட போர்தான் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. அப்பாவின் தொழில் நொடித்தது, வீடு சூறையாடப்பட்டு அங்கிருந்த ஓவியங்கள் போயின. படம் விற்றால்தான் சாப்பாடு என்ற நிலை அதற்குப் பிறகு வந்ததே. அதையும் அப்படியே படங்களுக்குள் ஏற்றிப் படிக்கக் கூடாது. 1870களில், கையில் காசில்லாத அதே வருடங்களில், அவர் வரைந்தவைதான் அவருடைய மிகத் தெளிந்த, மிக அமைதியான படங்கள்.

இதற்கு, சேன் ஆற்றங்கரையில் உள்ள ‘போர்-மார்லி’ என்ற ஊரின் வெள்ளப் படங்களை விடச் சரியான எடுத்துக்காட்டு இல்லை. 1876 வசந்தத்தில் சேன் ஆறு கரை உடைத்து ஊருக்குள் வந்தது. சிஸ்லி அப்போது பக்கத்திலேயே மார்லி-லெ-ருவாவில் குடியிருந்தார். அந்த வெள்ளத்தை ஆறேழு படங்களாக வரைந்தார். வெள்ளம் என்றதும் நாம் எதிர்பார்ப்பது அலறல், ஓட்டம், மூழ்கும் வீடு. இவர் படத்தில் ஒரு மதுக்கடைக் கட்டடம் தண்ணீருக்குள் நிற்கிறது, அவ்வளவுதான். தெரு இருந்த இடத்தில் வானம் கிடக்கிறது. படகில் வருகிறவர்களும் ஏதோ அன்றாட வேலையாக வருகிறவர்களைப் போலத்தான் இருக்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டு, ‘துன்பத்தைக் கண்டும் காணாமல் வரைந்தவர்’ என்று சொன்னால் அது அவருக்குச் செய்யும் அநியாயம். ஒரு ஊரின் ஒளியை, வீட்டு வாசல்வரை வந்த தண்ணீர் எப்படி மாற்றிவிடுகிறது என்பதே அவர் கேள்வி. அதற்கு அந்தச் சலனமற்ற நடை தேவைப்பட்டது. அந்தப் படங்களில் ஒன்று முதலில் போனது 180 பிராங்குக்கு. அவர் இறந்த மறு வருடம், 1900இல், அதே படம் ஏலத்தில் 43,000 பிராங்குக்குப் போனது.

சரி, எல்லாரும் செய்கிற பெரிய தவறுக்கு வருவோம். அவர் படத்தைக் கீழிருந்து பார்ப்பது. கண் முதலில் சாலையைப் பிடிக்கிறது, சாலையில் நடக்கிற பெண்ணைப் பிடிக்கிறது, வீட்டைப் பிடிக்கிறது. வானத்தை மிச்சமிருக்கிற இடம் என்று விட்டுவிடுகிறோம். சிஸ்லி வேலை செய்தது நேர் தலைகீழாக. வானத்தில்தான் எப்போதும் தொடங்குவார். நண்பரும் விமர்சகருமான தாவெர்னியேவுக்கு எழுதிய கடிதத்தில் இதை விரிவாகவே சொல்லியிருக்கிறார்: வானம் வெறும் பின்புலம் ஆகாது, தரைக்கு இருப்பது போல வானத்துக்கும் முன்னும் பின்னுமான தளங்கள் உண்டு, படத்துக்கு ஆழமும் அசைவும் தருவது அதுதான்.

ஒரு முறை இப்படிச் செய்து பாருங்கள். படத்தின் கீழ்ப்பாதியைக் கையால் மறைத்துக்கொண்டு மேகங்களை மட்டும் பாருங்கள். அருகில் இருக்கும் மேகம் தடித்த தீற்றலாக இருக்கும், தொடுவானத்தை நெருங்க நெருங்கத் தீற்றல் மெலிந்து படுத்துக்கொள்ளும். இப்போது கையை எடுங்கள். சுவரின் இளஞ்சிவப்பும் ஆற்றின் சாம்பல் நீலமும் மேலேயிருந்து இறங்கியவை என்பது பிடிபடும். நானும் பல வருடம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தவன். இப்படிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அவர் எனக்குத் திறந்தார்.

இதோடு ஒட்டியது, ‘இம்ப்ரஷனிசம் என்றால் அவசரமாகத் தீட்டிய மங்கல்’ என்ற எண்ணம். சிஸ்லியின் படங்களில் எலும்புக்கூடு உறுதியாக இருக்கும். உள்ளே போகிற சாலை, இருபக்கச் சுவர், குறுக்கே ஓடும் பாலம் என்று பார்வையை நடத்திச் செல்லும் கோடுகளை அவர் விடுவதில்லை. ஒரே படத்துக்குள்ளேயே ஒரு பகுதியை மழமழவென்றும் இன்னொன்றைச் சொரசொரப்பாகவும் தீட்டலாம் என்று அவர் நம்பினார். தண்ணீருக்கு ஒரு கை, இலைக்கு ஒரு கை. லூவெசியன் ஊரின் பனிப் படங்களில் நிழலைக் கவனியுங்கள். பனி வெள்ளை, நிழல் சாம்பல் என்று நினைத்துப் போனால் நீலமும் ஊதாவுமாக இருக்கும். கைபேசித் திரை முதலில் விழுங்குவது இந்த நுட்பத்தைத்தான், ஆகவே அருங்காட்சியகத் தளங்களில் கிடைக்கும் பெரிய படங்களைத் திறந்து, பெரிதாக்கிப் பாருங்கள்.

அப்புறம், சிஸ்லியை ‘குட்டி மோனே’ என்று ஒதுக்கும் பேச்சு. லுவாங் ஆற்றங்கரையில் உள்ள மோரே ஊர்த் தேவாலயத்தை சிஸ்லி 1893, 94இல் வெயிலிலும் மழையிலும் மாலையிலுமாக 14 முறை வரைந்தார். உடனே, ரூவான் நகரப் பேராலயத்தை மோனே பல பொழுதுகளில் வரைந்த தொடரைப் பார்த்து நகலெடுத்தார் என்று எழுதிவிடுகிறார்கள். மோனே தன் தொடரை முன்னதாகத் தொடங்கியவர்தான், ஆனால் அது பொதுமக்கள் பார்வைக்கு வந்ததே 1895இல். அதைவிட முக்கியம், இரண்டையும் அருகருகே வைத்தால் தெரிகிற வேறுபாடு. மோனேயின் பேராலயத்தில் கல் கரைந்து ஒளியாகிவிடுகிறது, சுற்றியிருக்கும் ஊர் ஏறக்குறைய காணாமல் போகிறது. சிஸ்லியின் தேவாலயத்தில் கல் கல்லாகவே நிற்கிறது. பக்கத்து வீட்டுக் கூரைகள் இருக்கின்றன, தெருவில் ஆட்கள் போகிறார்கள், மேலே வானம் இருக்கிறது. அது அவர் குடியிருந்த ஊர், வீட்டுக்கு அருகிலேயே இருந்த கோயில்.

1897 கோடையில் வேல்ஸுக்குப் போய், முப்பது வருடமாகக் கூட வாழ்ந்த யூஜினியை கார்டிஃப் நகரில் சட்டப்படி மணந்தார். அந்தப் பயணத்தில் லாங்லண்ட் விரிகுடாவில் ஒரு கடற்பாறையைப் பல பொழுதுகளில் வரைந்தார். மறு வருடம் அக்டோபரில் யூஜினி இறந்தார். 1899 ஜனவரி 29 அன்று தொண்டைப் புற்றுநோயில் சிஸ்லியும் மோரேயில் இறந்தார். பிள்ளைகள் இருவருக்காக அந்த மே மாதம் ஓர் ஏலம் நடந்தது. முன்னின்று நடத்தியவர் மோனே.